மழைக்கு நடுவே ஒரு கிலோமீட்டர்: ஜொகூரில் மில்லிமீட்டர் அலைகள்

(ஜொகூர் பாருவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே பேசப்படும் பொருள் ஜொகூரில் வாழும் நம் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். அதனால்தான் இலக்கியமும் வரலாறும் பேசப்படும் மேடைக்கு ரேடியோ அலையை எடுத்து வந்திருக்கிறேன். என் வேலைக்காலம் முழுவதும் டவர்களிலும் மொட்டைமாடிகளிலும் டிஷ் பொருத்திக் கழிந்தது. இன்று நான் பேசப்போவது மிகச் சிறிய ஒரு தூரத்தைப் பற்றி. ஃபைபர் கேபிள் வந்து நின்றுவிட்ட கடைசிக் கம்பத்துக்கும் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கும் நடுவே கிடக்கும் ஒரு கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் இரண்டு. மில்லிமீட்டர் அலை அந்தத் தூரத்தைக் கடக்கும், ஜொகூர் மழையிலும் கடக்கும். மழையைச் சொல்லி அதைத் தள்ளிவைப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் தள்ளிவைக்கிறார்கள். இதை உங்கள் முன் நிறுவவே வந்தேன்.

ஃபைபரோடு எனக்குப் பகை இல்லை. தலைமுடி போன்ற கண்ணாடி இழை ஒன்றில் டெராபிட் கணக்கில் தரவு போகிறது. மழை அதைத் தொடாது. ஒருமுறை புதைத்தால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கிடக்கும். இரு முனைகளிலும் கருவியை மாற்றினால் வேகம் கூடிக்கொண்டே போகும். வாசலில் ஃபைபர் வந்துவிட்ட தாமான் வீட்டுக்காரர் எவருக்கும் நான் ரேடியோவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் ஃபைபரின் செலவு கண்ணாடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது. பெரிய சாலை பொதுப்பணித் துறைக்குச் சொந்தம். அதன் ஓரம் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. உள்ளே போகும் செம்மண் பாதை தோட்டக் கம்பெனிக்கு உரியது. இடையில் தண்டவாளம் வந்தால் ரயில்வேயிடமும் போக வேண்டும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் மாதங்கள் ஓடும். எல்லாம் முடிந்து பள்ளம் தோண்டிக் கேபிளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், மறுமுனையில் முப்பது வீடும் ஒரு பள்ளியும் ஒரு கோயிலும் இருக்கும். போட்ட பணம் எப்போது திரும்பும் என்று கம்பெனிக் கணக்கர் கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான், ஆனால் அந்த நியாயத்தில் பிள்ளைகளுக்கு இடமில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. 2008இல் டெலிகோம் மலேசியாவோடு அரசு ஒப்பந்தம் செய்தது; 2010இல் யூனிஃபை என்ற ஃபைபர் சேவை வந்தது. 2020இல் ஜெண்டேலா திட்டம், 2022 முடிவதற்குள் 7.5 மில்லியன் வளாகங்களுக்கு ஃபைபர் என்று இலக்கு வைத்தது. பெரிய இலக்கு, பெரிய வேலை. ஆனாலும் வளாகங்களின் எண்ணிக்கையால் அளக்கப்படும் எந்தத் திட்டமும் வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்துக்கே முதலில் போகும். ஸ்கூடாயில் ஒரு தாமானை முடித்தால் ஆயிரம் வளாகம் கணக்கில் ஏறும். லாயாங் லாயாங் பக்கம் ஒரு தோட்டத்தை முடித்தால் முப்பதுதான் ஏறும்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இதன் விலை என்னவென்று தெரிந்தது. வகுப்பறை கைப்பேசிக்குள் போனது. சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தின் மேல் இரவைக் கழித்த செய்தியை நாடே பார்த்தது. நம் தோட்டங்களில் மரமேற வேண்டியிருக்கவில்லை. மேட்டுப் பாதைக்கு மோட்டார் சைக்கிளில் போய், அப்பாவின் கைப்பேசியில் பாடம் இறங்கும்வரை காத்திருந்தால் போதும். இதை யாரும் படமெடுக்கவில்லை. ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத்தில் பிறந்து இன்றும் தோட்டத்தை ஒட்டியே நிற்கும் பள்ளிகளின் ஆசிரியர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அலைக்கு வருவோம். 30 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள ரேடியோ அலைகளின் நீளம் பத்து மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. பெயர் அதனால் வந்தது. இணைப்பு வேலைக்கு நாங்கள் பெரிதும் பயன்படுத்துவது இரண்டு பட்டைகள். ஒன்று 60 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. மற்றது இ-பேண்ட்: 71 முதல் 76 வரை, 81 முதல் 86 வரை, ஆக 10 கிகாஹெர்ட்ஸ் அகலம். கைப்பேசி நிறுவனங்கள் 100 மெகாஹெர்ட்ஸுக்கும் 200 மெகாஹெர்ட்ஸுக்கும் போட்டி போடுவதை நினைத்தால் இந்த அகலத்தின் அருமை புரியும். இடம் தாராளமாக இருப்பதால் ஒரே இ-பேண்ட் லிங்க்கில் நொடிக்கு 10 கிகாபிட் போகிறது. அது ஃபைபரின் வேகம்; தோண்டவே வேண்டாம். இரண்டு முனையிலும் டிஷ், கருவி, மின்சாரம் இருந்தால், டவர் தயாராக உள்ள இடத்தில் ஓரிரு நாளில் முடிகிற வேலை.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷிலிருந்து புறப்படும் இ-பேண்ட் கற்றையின் விரிவு அரைப் பாகைக்குப் பக்கம். முழுநிலவு நம் வானத்தில் பிடிக்கிற அகலமும் அதுவே. ஒரு கிலோமீட்டர் போய்ச் சேரும்போது கற்றை ஒன்பது மீட்டர் அளவுக்குத்தான் விரிந்திருக்கும். அதனால் பக்கத்து லிங்க்கோடு மோதாது, ஆனால் காற்றில் ஆடும் மெலிந்த கம்பத்தில் பொருத்தவும் முடியாது. 60 கிகாஹெர்ட்ஸுக்கு இன்னொரு குணம்: காற்றிலுள்ள ஆக்சிஜனே அதைக் கிலோமீட்டருக்கு 15 டெசிபல் அளவு விழுங்கிவிடும். ஜொகூர் பாருக்காரர்களுக்கு இது நல்ல செய்தி. கடற்கரையில் நின்றால் கைப்பேசி சிங்கப்பூர் லைனைப் பிடித்துக்கொள்ளும் தொல்லை நமக்குத் தெரியும். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்-சிங்கப்பூர் பாலத்தின் நீளமே ஒரு கிலோமீட்டர்தான். அலைக்கு அது தூரமே இல்லை. எல்லைக்கு அப்பால் சிந்தாமல் தேய்ந்துபோகும் ஓர் அலை இங்கே வரம்.

இதைப் புது அலை என்று பலர் நினைக்கிறார்கள். 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் கூட்டத்தின் முன்னே இவ்வகை அலையைச் சுவர்களையும் ஒரு மனித உடலையும் ஊடுருவிப் போகச் செய்து, மறுபுறம் மணியை அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் வைத்தார். ஐந்து மில்லிமீட்டர் வரை நீளம் குறைந்த அலைகளை அவர் உண்டாக்கினார்; இன்றைய 60 கிகாஹெர்ட்ஸ் அதுவே. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் செய்தும் காட்டினார். கொம்பு வடிவ ஆண்டெனாவும் கலீனாக் கல் உணரியும் அவர் கையில் உருவானவை. பிறகு உலகம் நீண்ட அலைக்குப் போய்விட்டது, ஏனெனில் கடலைத் தாண்டுவது அதுதான். இவ்வளவு நீளம் குறைந்த அலையைப் போதிய ஆற்றலோடு மலிவாக உண்டாக்கும் சில்லுகள் வரும்வரை போஸின் அலை காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்கா இ-பேண்டை வணிகத்துக்குத் திறந்ததே 2003இல்தான்.

சரி, மழை. என் தொழிலில் எல்லாரும் முதலில் கேட்பதும் கடைசியில் கைவிரிப்பதும் இதை வைத்தே. கனமழைத் துளியின் குறுக்களவு சில மில்லிமீட்டர். 80 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் துளி அலையைச் சிதறடிக்கிறது, உறிஞ்சவும் செய்கிறது. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழை 10 கிகாஹெர்ட்ஸ் அலையிலிருந்து கிலோமீட்டருக்கு நாலு டெசிபல்தான் பறிக்கும். 80 கிகாஹெர்ட்ஸிலிருந்து 31 டெசிபல் பறிக்கும். டெசிபல் கணக்கு தெரியாதவர்களுக்கு: 10 டெசிபல் போனால் ஆற்றல் பத்தில் ஒன்று, 30 போனால் ஆயிரத்தில் ஒன்று.

எவ்வளவு பெய்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதே எங்களுக்கு முக்கியம். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் முன்பு உலகை மழை வட்டாரங்களாகப் பிரித்து ஒரு பட்டியல் தந்தது. ஆண்டின் 0.01 விழுக்காடு நேரம், அதாவது மொத்தம் 53 நிமிடம், எந்த மழை வேகம் மிஞ்சப்படும் என்பது அதில் இருக்கும். வட ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு மணிக்கு 30 மில்லிமீட்டர், அல்லது அதற்கும் கீழே. மலேசியாவுக்கு 145. அந்த 145இல் இ-பேண்ட் கிலோமீட்டருக்கு 40 டெசிபல் இழக்கும். வடநாட்டு மழையை மனத்தில் வைத்து எழுதிய விளம்பரத் தாளில் நாலு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி இங்கே பொருத்தியவர்கள் மாலை இடிமழையில் பட்டார்கள். ‘மழைக்கு ஆகாது’ என்ற பேர் அந்த அலைக்கு அப்படித்தான் வந்தது. குற்றம் தூரத்தில் இருந்தது.

நம் மழையை நாமே அளக்க வேண்டும் என்பதில் ஜொகூருக்கு ஒரு பெருமை உண்டு. ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கம்பியில்லாத் தொடர்பு மையத்தில் பேராசிரியர் தாரேக் அப்துல் ரஹ்மானும் அவரோடு உழைத்தவர்களும் மழையையும் அலை இழப்பையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். 26 கிகாஹெர்ட்ஸில் 1.3 கிலோமீட்டர் லிங்க் ஒன்றை ஜொகூர் பாருவில் நிறுத்தி, ஓராண்டு முழுக்க நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்த அவர்கள் ஆய்வு 2018இல் வெளியானது. மிதவெப்ப நாட்டுத் தரவை அடியாகக் கொண்ட சூத்திரங்கள் நம் மழையில் அப்படியே பொருந்துவதில்லை என்பதை இத்தகைய உள்ளூர் அளவீடுகள்தான் காட்டின. இணைப்புக்குத் திட்டம் போடுகிற எந்த நிறுவனமும் வெளிநாட்டு மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஸ்கூடாய்க்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது கணக்கு. ஒரு கிலோமீட்டர் இ-பேண்ட் லிங்க்கில் இரு பக்கமும் 60 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால், மழைக்கென்று 50 டெசிபல் வரை கையிருப்பு வைக்கலாம். எங்கள் பேச்சில் அது மார்ஜின். 145 மில்லிமீட்டர் மழை 40ஐப் பறித்து, டிஷ்ஷின் முகத்தில் படியும் ஈரம் இன்னும் ஐந்தாறைப் பறித்தாலும் லைன் நிற்கும். ஆக ஆண்டுக்கு 53 நிமிடத்துக்குள் அறுபடல்; அதாவது 99.99 விழுக்காடு நேரம் லைன் நிற்கும். இரண்டு கிலோமீட்டருக்குப் போனால் 99.9 விழுக்காடு அளவில் நிற்கும். அதாவது ஆண்டு முழுவதற்குமாக ஒன்பது மணி நேரத்துக்குள். மூன்று, நாலு என்று ஆசைப்பட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. மழை வலுக்கும்போது கருவி சட்டென்று செத்துப்போவதில்லை. தானே குறியீட்டு முறையை எளிதாக்கிக்கொண்டு 10 கிகாபிட்டிலிருந்து சில நூறு மெகாபிட்டுக்கு இறங்குகிறது. முப்பது வீட்டுக்கு அந்தச் சில நூறு போதும். இடிமழையின் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும்; மழை மட்டுப்பட்டதும் லைன் தானாகத் திரும்பும், யாரும் வந்து பார்க்க வேண்டாம்.

99.99 என்ற எண்ணை வங்கியும் பங்குச் சந்தையும் கேட்கலாம். ஒன்பது மணி நேரம் அறுபடும் என்று சொல்லி ஒரு தோட்டத்துக்கு லைன் தராமல் விட்டால், அந்தத் தோட்டத்துக்கு ஆண்டின் 8,760 மணி நேரமும் லைன் இல்லை. எந்த அறுபடலை எந்த அறுபடலோடு ஒப்பிடுகிறோம் என்பதை மட்டும் கவனித்தால் போதும். இந்த முடிவை எடுப்பவர்கள் வாசலில் ஃபைபர் உள்ளவர்கள். லயத்தில் இருக்கும் தாயிடம் கேட்டால், மழை கொட்டும் ஐந்து நிமிடம் பாடம் நிற்பதை அவர் பொறுத்துக்கொள்வார்.

ஃபைபரும் அறுபடும் என்பதை மறந்துவிடுகிறோம். சாலை அகலப்படுத்தும் எக்ஸ்கவேட்டர் ஒரே வாரலில் கேபிளைப் பிடுங்கிவிடும். இடத்தைக் கண்டுபிடித்து, இழையை ஒட்டி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதும், 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட், சிகாமட் பக்கம் வெள்ளம் வாரக்கணக்கில் நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். பாதை மூழ்கினால் இழை ஒட்டும் ஆட்கள் போய்ச் சேர வழியில்லை. டவரில் இருக்கும் டிஷ், மின்சாரம் இருக்கும்வரை வேலை செய்யும். அந்த ‘மின்சாரம் இருக்கும்வரை’ என்பதை நான் சும்மா சொல்லவில்லை. என் அனுபவத்தில் லிங்க் விழுவதற்கு மழையைவிட மின்தடையும் மின்னலும்தான் அதிகக் காரணம். நல்ல எர்த்திங்கும் நாலைந்து மணி நேரம் தாங்கும் பேட்டரியும் இல்லாமல் மில்லிமீட்டர் அலையைப் பற்றிப் பேசவே கூடாது. ஒப்பந்தக்காரர்கள் முதலில் மிச்சம்பிடிப்பது இந்த இரண்டில்தான்.

மழை அலையைத் தின்கிறது என்றால், எவ்வளவு தின்றது என்பதை வைத்து எவ்வளவு மழை என்று சொல்லலாமே? சொன்னார்கள். 2006இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் இந்த வழியை வெளியிட்டார்கள். 2021இல் இலங்கையின் கைப்பேசி டவர் லிங்க்குகளைக் கொண்டே அத்தீவின் மழையை வரைந்து காட்டிய ஆய்வு வந்தது. மழைமானி இல்லாத பல இடங்களில் லிங்க் இருக்கிறது. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் நின்றிருக்கும் லிங்க்குகளின் பதிவு நிமிடத்துக்கு நிமிடம் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்குப் போனால், கோத்தா திங்கிக்காரர்களுக்கு எச்சரிக்கை இன்னும் முன்னதாகக் கிடைக்கும். அந்த எண்கள் இன்று கம்பெனிகளின் கணினியில் பழுதுப் பதிவாகச் சேர்ந்து, பழசானதும் அழிக்கப்படுகின்றன. எனக்கு இது மனம் பொறுக்காத விஷயம்.

வெளியே என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபேஸ்புக் உருவாக்கிய டெராகிராஃப் என்ற 60 கிகாஹெர்ட்ஸ் வலை, ஹங்கேரியின் மிகெபுடா என்ற சிற்றூரில் 2018இல் சோதிக்கப்பட்டது. நம் நாட்டிலேயே பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒய்டிஎல் நிறுவனம் அதை நிறுவியது. பழைய கடைவீடுகளின் தெருக்களைத் தோண்ட முடியாத மரபு நகரத்துக்கு ஏற்ற வழி. அமெரிக்காவில் மில்லிமீட்டர் அலையை நம்பி நகர வீடுகளுக்கு இணையம் விற்ற ஸ்டாரி என்ற நிறுவனம் 2023 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அலை அவர்களைக் கைவிடவில்லை. ஃபைபரும் கேபிளும் ஏற்கெனவே உள்ள நகரத்தில் போட்டிக்குப் போனால் முதலீட்டை மீட்க முடியாது. ஃபைபர் உள்ள இடத்தில் இந்த அலை தோற்கும். இல்லாத இடத்துக்குத்தான் நான் கேட்கிறேன்.

இல்லாத இடத்துக்குப் பக்கத்திலேயே ஃபைபர் வந்துவிட்டது என்பதுதான் இன்றைய ஜொகூரின் புதுமை. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்தது; அவை பாலத்தைத் தாண்டி இங்கே வந்தன. கூலாய் மாவட்டத்துச் செடெனாக்கில் ஜேலேண்ட் குழுமத்தின் தொழில்நுட்பப் பூங்கா, கூலாயில் ஒய்டிஎல்லின் தரவு மையப் பூங்கா, இஸ்கண்டார் புத்ரியில் நூசாஜெயா தொழில்நுட்பப் பூங்கா. நம் பாட்டன்மார் பால் வெட்டிய, குலை அறுத்த வட்டாரங்கள் இவை. அந்த மையங்களுக்குள் கட்டுக்கட்டாக ஃபைபர் போகிறது. முன்பு இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த முதுகெலும்புக் கேபிள் இப்போது செம்பனைக் காட்டின் விளிம்பில் கிடக்கிறது. மீதமுள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் இந்த அலையின் தூரம். நிலத்துக்கும் நீருக்கும் மின்சாரத்துக்கும் அனுமதி தரும் மாநில அரசு, ஒரு தரவு மையத்திடம் ஒரு ஜோடி இழையையும் டவரில் ஒரு டிஷ்ஷுக்கு இடத்தையும் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கென்று கேட்பது அதிகமில்லை. அவர்கள் செலவில் அது ஒரு புள்ளிக்கும் காணாது. நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்; கேட்கும்படி நாம் செய்ய வேண்டும்.

கடைசியாக, பள்ளி மேலாளர் வாரியத்தினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் செய்முறையாகச் சில சொற்கள். லைன் கேட்டுக் கடிதம் எழுதும்போது ‘எங்கள் பள்ளியில் இணையம் இல்லை’ என்று மட்டும் எழுதினால் பதில் வராது. பள்ளியின் மிக உயர்ந்த இடத்துக்கு, தண்ணீர்த் தொட்டியோ மாடிப்படிக் கூரையோ, பாதுகாப்போடு ஓர் ஆளை ஏற்றுங்கள். எந்தெந்த டவர் கண்ணுக்குத் தெரிகிறது, எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று குறியுங்கள். தூரத்தைக் கைப்பேசி வரைபடமே சொல்லும். இந்த அலைக்குப் பார்வைக்கோடு திறந்திருக்க வேண்டும். ஓர் ஓலை குறுக்கே வந்தாலும் லைன் தடுமாறும். ஆனால் நடுவழியில் கற்றைக்கு வேண்டிய திறப்பு, ஒரு கிலோமீட்டர் லிங்க்கில், கோட்டைச் சுற்றி ஒரு மீட்டர்தான். அந்த டவருக்கு ஃபைபர் வந்திருக்கிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வந்திருந்தால் உங்கள் கடிதத்தை ஒதுக்கிவைப்பது அவர்களுக்குக் கடினம்.

கோடு எந்தப் பிளாக்கின் மேலே போகிறது என்பதையும் பாருங்கள். இளங்கன்று நட்ட பிளாக் என்றால் இன்று வானம் திறந்திருக்கும்; செம்பனை ஆண்டுக்கு அரை மீட்டர் அளவில் உயரும், இருபத்தைந்து ஆண்டு நிற்கும். கன்று நட்ட ஆண்டைத் தோட்ட அலுவலகத்தில் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பத்தை எத்தனை மீட்டருக்கு நிறுத்துவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.